ஞாயிற்றுக்கிழமை மழை

அக்டோபர் 7, திங்கள்

உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. இத்தனை மாதமும் டிவியின் ஒரு காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்றைக்கு உருவி எடுத்துவிட்டேன். டிவி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. மனைவி கோமதி இன்னும் கவனிக்கவில்லை.

யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று நேற்றிலிருந்து என்னிடம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ரிஜிஸ்டர் எழுதியே பழகிய கை. மேலே பெயர், பதவி போடாமல் ஓடாது. பெ. பரமசிவன், அலுவலக உதவியாளர், பாசனப் பிரிவு அலுவலகம், செவல்குளம். கல்வித் தகுதி: பத்தாம் வகுப்பு தேர்ச்சி, பன்னிரண்டாம் வகுப்பு முயற்சி. கோப்பு தூக்குவது, டீ வாங்குவது போக, வளாகத்தில் நிற்கும் மழைமானியைப் பார்ப்பதும் என் வேலை. தினமும் காலை எட்டரைக்கு அதைத் திறந்து, உள்ளே பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, முந்தைய இருபத்துநாலு மணி நேரத்தில் இத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று எழுத வேண்டும். ஞாயிறு, தீபாவளி எதற்கும் விடுமுறை கிடையாது. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன்.

மகள் சண்முகவடிவு கொச்சியில் இருக்கிறாள். வளிமண்டல அறிவியலில் ஆராய்ச்சிப் படிப்பு, மூன்றாம் வருடம். ஊரில் கேட்டால் "காத்து, மேகம், மழை, இதப் பத்திப் படிக்கா" என்பேன். "டிவில வந்து புயல் சொல்லுமா?" என்பார்கள். "அதுக்கும் மேல" என்பேன். மேலே என்றால் எது என்று எனக்கும் தெரியாது. பலூன் விடுகிறவர்கள், ரேடார் பார்க்கிறவர்கள், கம்ப்யூட்டருக்குள் காற்றை ஓடவிட்டுப் பார்க்கிறவர்கள் என்று அவள் ஒருமுறை விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். கடைசி வகையில் தான் சேர ஆசை என்றாள்.

நேற்று சாயங்காலம் போன் செய்தாள்.

"அப்பா, நம்ம ஊர் மழைக்குக் கெழம தெரியும்ப்பா!"

போன மே மாதம் அவள் கேட்டாள் என்று நம் அலுவலக மழை ரிஜிஸ்டர்களை முழுக்கப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். பெருமையோடுதான் அனுப்பினேன்.

"மத்த நாள்ல பெஞ்சாக் கொட்டுது, இல்லன்னா காயுது. ஞாயிறும் திங்களும் மட்டும் அடிக்கடி பெய்யுது, ஆனா மெதுவாப் பெய்யுது. பன்னெண்டு வருஷமா இப்படித்தான். ஏன்னு சொல்லுங்க பாப்போம்?"

"ஏன்ட்டி?"

"கிரஷர்ப்பா! ஊரச் சுத்தி எத்தன கிரஷர். வாரம் பூரா கல்லுத் தூசி மேல போவுது. சனிக்கெழம மத்தியானம் நிறுத்துனா திங்கக்கெழமதான் ஓட்டுவாங்க. அதுக்குள்ள காத்து தெளிஞ்சிருது. தூசி கொறஞ்சா மேகத்துக்குள்ள துளி சேருற விதமே மாறும். எங்க சாரு நேத்து ஒரு மணி நேரம் எங்கூட ஒக்காந்து பாத்தாரு!"

"நல்லதுட்டி" என்றேன். "சாப்ட்டியா?" என்றேன்.

போனை வைத்தபோது காபி ஆறிப்போயிருந்தது.

மழை: 0.0.

அக்டோபர் 8, செவ்வாய்

0.0. டிவி சாய்ந்ததைக் கோமதி கண்டுபிடித்துவிட்டாள். பழைய பஞ்சாங்கத்தை அடியில் கொடுத்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

எழுதியே விடுகிறேன். கிரஷருக்கும் மழைக்கும் என்ன உறவோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஞாயிறு-திங்கள் மழையைப் பெய்யவைத்தவன் நான்.

வடிவு பிளஸ் ஒன் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து பத்து வரை கோவில்பட்டியில் பிசிக்ஸ் டியூஷன். மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். எட்டரைக்கு மழைமானி இங்கே, நான் அங்கே. திங்கட்கிழமை திறந்தால் பாட்டிலில் இரண்டு நாள் தண்ணீர் ஒன்றாகக் கிடக்கும். இது நேற்றைய பங்கு, இது இன்றைய பங்கு என்று தண்ணீரில் எழுதியா இருக்கிறது? ஞாயிறு அளக்கவில்லை, இது இரண்டு நாள் மழை என்று குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதினால் ஏன் அளக்கவில்லை என்று கேள்வி வரும். ஆகவே பங்குபோட்டேன்.

சரிபாதியாகப் போட்டால் யாருக்கும் சந்தேகம் வரும் என்று அதிலும் ஒரு சாமர்த்தியம். 21.6 இருந்தால் ஞாயிறுக்கு 9.2, திங்களுக்கு 12.4. அடுத்த வாரம் ஞாயிறுக்குக் கூட, திங்களுக்குக் குறைய. இந்த மூளையைப் பன்னிரண்டாம் வகுப்பில் செலவழித்திருந்தால் நானே இந்த ஆபீஸில் உதவிப் பொறியாளர், அதாவது ஏ.இ. ஆகி, எனக்கு ஒருவன் டீ வாங்கி வந்திருப்பான்.

ஒரு நாள் கொட்டிய மழையை இரண்டு நாளுக்குப் பிரித்தால் என்ன ஆகும்? அடிக்கடி பெய்யும், மெதுவாகப் பெய்யும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

எல்லாம் அவள் டியூஷனுக்காக. வேறு காரணம் கிடையாது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

எட்டரைக்குப் போய் மழைமானியைத் திறந்தேன். 2.8. வளாகத்து நாய் என்னை அடையாளம் தெரியாமல் குரைத்தது. ஞாயிற்றுக்கிழமையில் என்னை அது பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் கறிக்கடை மீரான் பாய் கூப்பிட்டார். "என்ன அண்ணாச்சி, ஒடம்புக்கு முடியலியா? எட்டரைக்குக் கட தொறக்கும்போதே மொத ஆளா நிப்பீங்க. பத்து வருஷத்துல இன்னிக்குத்தான் காணோம். ஒங்க நல்லி எலும்ப வாத்தியாரு வாங்கிட்டுப் போயிட்டாரு."

வேலை இருந்தது என்றேன்.

மத்தியானம் வடிவு போன். அவள் அனுப்பிய கட்டுரைச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். நவம்பர் 22 பெரிய கருத்தரங்கு, நாடு முழுக்க வானிலைக்காரர்கள் வருகிறார்கள், பதினைந்து நிமிடம் பேசப்போகிறாள். உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. இந்தக் கட்டுரை கையில் இருந்தால் ஜனவரியில் அறிவிக்கப்போகும் விஞ்ஞானி வேலைக்குத் தைரியமாக மனுப்போடலாமாம்.

"அப்பா, மழைமானி பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கடைசியில போடப்போறேன். 'இந்த அளவுகளை எடுத்தவர் என் அப்பா'ன்னு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "எந்தச் சட்ட போடட்டும்?" என்று கேட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

வெள்ளைச் சட்டை. கோமதிதான் அவள் போனில் எடுத்தாள். ஒன்பது படம்.

"ஏங்க, சிரிங்க. திருடன ஸ்டேஷன்ல நிறுத்தி எடுத்த மாதிரி இருக்கு."

பத்தாவதில் சிரித்தேன். அதைப் பார்க்க இன்னும் மோசமாக இருந்தது. ஒன்பதாவதை அனுப்பினோம்.

மழை: 0.0.

அக்டோபர் 19, சனி

இன்று சொல்லிவிடுவதென்று போன் போட்டேன். ஹாஸ்டல் சாம்பாரில் தேங்காய் அரைத்து ஊற்றுகிறார்கள் என்றாள். அதைப்பற்றி இருபது நிமிடம் பேசினோம். தேங்காயைப்பற்றி எனக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே இன்றுதான் தெரிந்தது.

மழை: 6.0.

அக்டோபர் 27, ஞாயிறு

நல்ல மழை. எட்டரைக்குப் போய் அளந்தேன், 33.4. மொத்தமும் நேற்று ராத்திரி கொட்டியது. பங்குபோடாத ஞாயிறு பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறது. இப்படித்தான் எல்லா ஞாயிறும் இருந்திருக்கும்.

தீபாவளிக்கு வடிவு வருகிறாள்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. எழுத நேரமில்லை, மனமும் இல்லை. இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வடிவும் என்னோடு கிளம்பினாள், மழைமானியைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று. அலுவலகத்தில் யாருமில்லை. பாட்டிலை எடுத்து அவளே கண்ணாடியில் ஊற்றினாள். குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஆறாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் வந்து, "அப்பா, மேலருந்து பாத்தாத் தப்பாக் காட்டும்" என்று என்னைத் திருத்தியவள் இவள். அதுவரை நின்றுகொண்டேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலு புள்ளி ரெண்டு" என்றாள். "எழுதிக்கோங்க."

எழுதினேன். பேனாவை மூடினேன்.

"வடிவு, அந்த ஞாயித்துக்கெழம மழ…"

"சொல்லுங்கப்பா."

"அது கிரஷர் பண்ணினது இல்லட்டி. நான் பண்ணினது."

சிரித்தாள். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தாள்; வீட்டில் எனக்கு அந்தப் பெயர்தானே. நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். மொபெட், டியூஷன், திங்கட்கிழமைப் பாட்டில், ஒன்பது புள்ளி இரண்டு, பன்னிரண்டு புள்ளி நாலு. அவள் கையில் கண்ணாடி அப்படியே இருந்தது. கடைசியில் அந்த நாலு புள்ளி இரண்டைச் செம்பருத்திச் செடியடியில் மெதுவாக ஊற்றினாள்.

"எனக்காகவாப்பா?"

தலையாட்டினேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் விடவில்லை. வழியில் ஒன்றே ஒன்று சொன்னாள். "இன்னும் மூணு வாரம் இருக்கு. சாருகிட்ட சொல்லிருதேன். நல்லவேள சொன்னீங்க." எனக்கு மலையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஆறு அதிரசம் தின்றேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் பிளஸ் டூ முடிச்சுப் பத்து வருஷமாச்சு."

"ஆமா."

"அதுக்கப்புறமும் ஞாயிறு அப்படியேதான் இருக்கு. இந்தா பாருங்க, போன வருஷம்கூட. நான் போன பெறவு யாருக்கு டியூஷன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து கோமதி குரல் வந்தது. "டியூஷனா? அவருக்கு மீரான் பாய் கடையிலதான் டியூஷன்."

வடிவு என்னைப் பார்த்தாள்.

"எட்டரைக்கு மேல போனா நல்லி கெடைக்காதுட்டி" என்றேன்.

இதைவிடக் கேவலமான வாக்கியத்தை என் ஆயுளில் நான் சொன்னதில்லை. வேறு உண்மையும் கையில் இல்லை. பத்து வருடம், நல்லி எலும்புக்காக. அலுவலகத்துக்கும் கறிக்கடைக்கும் நடுவே சைக்கிளில் ஐந்து நிமிடம். அளந்துவிட்டு வந்தால் எலும்பில்லாத கறி கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, எனக்கும் வந்தது. பிறகு அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த நல்லிய நானும்தானப்பா தின்னேன்."

முகத்திலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "காலையில ஏன்ப்பா தலைய ஆட்டுனீங்க?"

அதற்கு இதுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த டைரியிலும்தான் அக்டோபர் பத்தாம் தேதி தலையாட்டிவைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

நவம்பர் 2, சனி

ஞாயிறு ராத்திரிக்கு எடுத்திருந்த டிக்கெட்டை விட்டுவிட்டு இன்று காலைப் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் கோபமாகப் பேசவில்லை. ஆபீஸர் பேசுகிற மாதிரி பேசினாள், அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்க பங்குபோட்ட வருஷத்துல மழ எழுதியிருக்க ஞாயிறு, அதுக்கு அடுத்த திங்கள், ரெண்டையும் அடிச்சிருங்க. வெள்ளை மை வைக்கக் கூடாது. கீழ எழுதியிருக்கது தெரியணும். மேல செவப்புல ஒத்தக் கோடு. பக்கத்துல 'தனித்தனியாக அளக்கப்படவில்லை'ன்னு எழுதி, கையெழுத்து, இன்னைக்குத் தேதி. ஏ.இ. சாருகிட்டயும் எழுதிக் கொடுத்திருங்க."

"சரிம்மா" என்றேன். எப்போதும் 'சரிட்டி' என்றுதான் வரும்.

மழை: 0.0.

நவம்பர் 6, புதன்

வடிவிடமிருந்து எழுத்தில் செய்தி. பேச்சு இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாளாம். "அச்சுக்குப் போவதற்கு முன்னால் நாமே கண்டுபிடித்தோமே" என்றாராம் அவள் சார். ஜனவரி விண்ணப்பம் இந்த முறை இல்லை. இனி வேறு ஊர்க் கணக்கை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

'அந்த ஊரில் கறிக்கடை எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்' என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்தேன். எதற்கும் ஒரு வேடிக்கை சொல்லித் தப்பித்துப் பழகியிருக்கிறேன் போல.

மழை: 1.6.

நவம்பர் 11, திங்கள்

ஏ.இ. சாரிடம் கடிதம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"யோவ் பரமசிவன், இத யாருய்யா ஒன்கிட்டக் கேட்டா?"

"யாரும் கேக்கல சார்."

"பெறகு? நீயா எதுக்குய்யா மாட்டிக்கிட்டு? நானும் வந்து நாலு வருஷமாச்சு, ஒருத்தன் அந்த நோட்டத் தொட்டதில்ல. எனக்கு முன்னால இருந்தவங்களும் தொட்டிருக்க மாட்டாங்க. யாருமே பாக்காத நோட்டுய்யா அது."

"என் மக பாத்தா சார்."

கடிதத்தை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்தார். மேலே அனுப்புவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைக்குப் போய் ஒரு சிவப்புப் பேனா வாங்கிக்கொள் என்றார்.

மழை: 14.2.

நவம்பர் 16, சனி

ஐந்து நாளாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து கோடு போடுகிறேன். நூற்று நாற்பத்துமூன்று ஞாயிறு, நூற்று நாற்பத்துமூன்று திங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்து. கல்யாணப் பதிவுக்குக்கூட நான் இவ்வளவு கையெழுத்துப் போட்டதில்லை.

இன்று ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. ஏழு வருடத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம். ஞாயிறு 71.2, திங்கள் 64.8.

இது என் பங்கு இல்லை. அந்த ஞாயிறு உண்மையிலேயே போனேன். ராத்திரி முழுக்கக் கொட்டிய மழையில் கறிக்கடையே திறக்கவில்லை, பாட்டில் நிரம்பி வழிந்துவிடுமோ என்று பயம். முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு செருப்பு அடித்துக்கொண்டு போய்விட்டது. குடை மடங்கிவிட்டது. கண்ணாடியில் நாலு தடவை ஊற்றி அளந்தேன். குனிந்து, கண்ணை நேராக வைத்துப் பார்த்தேன். 71.2. மறுநாளும் அதே மழை, 64.8. மழையே என்னைப் பார்த்துப் பங்குபோடக் கற்றுக்கொண்ட மாதிரி பெய்திருக்கிறது.

வடிவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"வேற யாராவது பாத்தாங்களாப்பா?"

"செருப்பத் தொலைச்சிட்டு வந்தேன்னு ஒங்க அம்மா ஏசினா. கேட்டுப் பாரு."

"அம்மா ஏசினது ரிஜிஸ்டர்ல இல்லியேப்பா."

"ஆனா இது அசல்ட்டி."



"எனக்குத் தெரியுதுப்பா. நான் நம்புதேன். ஆனா படிக்கிறவங்களுக்கு அசல் எது, மத்தது எதுன்னு எப்படித் தெரியும்? அதையும் அடிச்சிருங்க."

அடித்தேன். சிவப்புக் கோடு 71.2-ன் மேல் கொஞ்சம் வளைந்துவிட்டது. 'தனித்தனியாக அளக்கப்படவில்லை' என்று பக்கத்தில் எழுதினேன். இத்தனை கோட்டில் அந்த ஒன்றின் பக்கத்தில் எழுதியதுதான் பொய். அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

இன்றைய மழை: 0.0.

நவம்பர் 22, வெள்ளி

11.8. வடிவு மேடையில் பேசியிருக்க வேண்டிய நாள். வெள்ளைச் சட்டையைக் கோமதி பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

நவம்பர் 24, ஞாயிறு

வானம் வெளுத்திருக்கிறது. மழைமானி பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. இருந்தாலும் கண்ணாடியில் கவிழ்த்துப் பார்த்தேன். நாய் இப்போது குரைப்பதில்லை; வாசல் வரை வந்து கூட்டிப்போகிறது.

எட்டு நாற்பதுக்கு வடிவு போன். மூன்று வாரத்தில் அவளாக அழைப்பது இதுதான் முதல் தடவை.

"எவ்வளவுப்பா?"

"சைபர்."



"பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"சரி" என்றாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். புது ஊர்க் கணக்கு வந்திருக்கிறதாம், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து எத்தனையோ காலை அவள் என்னிடம் மழை எவ்வளவு என்று கேட்டிருக்கிறாள். பார்த்தீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கறிக்கடை வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். நல்லி தீர்ந்திருந்தது.

மழை: 0.0. பார்த்தேன்.